உடைந்த பொம்மைகளுக்கு ஒரு கொலு

1. ஆடு கொடுத்த ஆதரவு

நாங்கள் நடத்திய முதல் சாலை மறியலுக்குக் கிடைத்த பொதுமக்கள் ஆதரவு ஒன்றே ஒன்று. அதுவும் ஒரு ஆடு. விருத்தாசலம் பாலக்கரையில் நாற்பது பேர் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். எங்கிருந்தோ வந்த அந்த ஆடு எங்கள் பேனரின் ஓரத்தைக் கொஞ்சம் தின்று பார்த்தது. பிடித்துப்போயிருக்க வேண்டும், பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. மற்றபடி ஊரே எங்களைத் திட்டியது.

நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பொம்மைக் கம்பெனியில் சூளை ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் கோவிந்தராசு. இப்போது எங்கள் கம்பெனிக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள், பொம்மை சூளைக்குள் போகும்போதே எண்ணிக் கூலி போடுவதை ஆதியிலிருந்தே இருக்கும் வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன்புவரை அப்படி இல்லை. சூளையிலிருந்து முழுசாக வெளியே வந்த பொம்மைக்குத்தான் கூலி. உள்ளே விரிசல் விட்டால் செய்தவரின் உழைப்பு காற்றோடு போச்சு. 'சூளைக்கு முன்பே எண்ணு' என்பதுதான் எங்கள் கோரிக்கை.

எங்கள் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, நான் மாதச் சம்பளக்காரன். எனக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. சும்மா ஒற்றுமைக்காகப் போய்க் கடைசி வரிசையில், மேனேஜர் கண்ணில் பட்டுவிடாமல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நின்றுபோன திட்டக்குடி பஸ்ஸிலிருந்து, அந்தப் பக்கத்து மங்களூர் கிராமத்து அம்மா ஒருவர் கீரைக் கட்டோடு இறங்கி வந்தார். எங்கள் சங்கச் செயலாளருக்கு நேரே நின்றார்.

"என்னாய்யா ஒங்க பிரச்சன?"

"பொம்ம ஒடைஞ்சா கூலி கெடயாதுங்குறாங்கம்மா. அது கூடாதுன்னு போராடுறோம்."

"ஒடச்சது யாரு?"

செயலாளர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "சூளையில ஒடைஞ்சிச்சும்மா" என்றார்.

"சூளைக்கு என்னா கையா இருக்குது? பொம்மையயும் ஒடச்சிப்புட்டு, கூலியும் கேட்டுப்புட்டு, எம் பஸ்ஸையும் மறிக்கிறீங்க. நல்லா இருக்குதுய்யா ஒங்க நாயம்!"

பஸ்ஸுக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. போலீஸ் வந்து கால் மணி நேரத்தில் எங்களை வேனில் ஏற்றிவிட்டது. கைதாக மறுத்தது ஆடு மட்டும்தான்.

உடைத்தது யார் என்ற கேள்விக்கு அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளுக்குப் பதில் தெரியும். அந்த ஆள்தான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தான்.

2. அழகான கையெழுத்து

வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மண் கூழைப் பிளாஸ்டர் மோல்டில் ஊற்றி, கெட்டியானதும் பொம்மையை எடுப்பார்கள். அதற்குக் காஸ்டிங் என்று பெயர். பிறகு காயவைத்து, பிசிறு தட்டி, பளபளப்புக்காகக் கிளேஸில் முக்கி, ட்ராலியில் அடுக்கி என்னிடம் தள்ளிவிடுவார்கள். அதை நான் கேஸ் சூளையில் ஏற்றிச் சுட வேண்டும். சுடுவது பெரிய வித்தை இல்லை. ஆறவிடுவதுதான் வித்தை. மீட்டர் இருநூறு டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை கதவில் கை வைக்கக் கூடாது. வைத்தால் வெளிக்காற்று பட்டு, பொம்மைகள் 'டிங், டிங்' என்று ஒவ்வொன்றாக விரிசல் விடும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. எனக்கு இறங்கியது. பழகிவிட்டது.

நவராத்திரி சீசன் வந்துவிட்டால் எங்கள் மேனேஜருக்குக் கால் தரையில் நிற்காது.

"கோவிந்தராசு, மீட்டரயே எதுக்குப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க? ஆர்டரப் பாரு. அடுத்த ட்ராலி வாசல்ல நிக்குது."

"இன்னும் சூடு எறங்கல சார்."

"ரெண்டு விரக்கட தொற. ஒண்ணும் ஆவாது."

திறப்பேன். டிங். ஆகிவிடும்.

உடைந்ததற்கெல்லாம் ரிஜெக்‌ஷன் சீட்டு எழுதுவதும் என் வேலைதான். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். காஸ்டிங் குறை என்று எழுதலாம், அல்லது சூளைக் குறை என்று எழுதலாம். மேனேஜர் எனக்கு முதலிலேயே பாடம் எடுத்திருந்தார்.

"சூளைக் குறைன்னு எழுதினன்னு வெய்யி, மொதலாளி என்னையக் கேப்பாரு, நான் ஒன்னையக் கேப்பன். காஸ்டிங் குறைன்னு எழுதிட்டா யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல பாரு."

உண்மைதான். யாரும் கேட்கவில்லை. செய்தவரின் கூலி மட்டும் சத்தமில்லாமல் குறைந்தது. எனக்கு ஸ்டூல் இருந்தது, ஃபேன் இருந்தது, மாதம் பிறந்தால் சம்பளம் இருந்தது. என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்று எல்லோரும் புகழ்வார்கள். அந்தக் கையெழுத்தில்தான் வருஷக்கணக்காகப் பொய் எழுதினேன்.

காஸ்டிங் செக்‌ஷனில் செல்வி என்று ஒரு பெண். கைவேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. புருஷன் இல்லை. மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். மறியல் நடந்த வருஷம் அவள் செய்த ஒரு ட்ராலி யானைகள் மொத்தமும் என் சூளையில் தும்பிக்கை போய் வந்தன. நான் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, இன்னொரு லோடு இப்பிடிப் போச்சின்னா நான் திருப்பூர் பஸ்ஸு ஏறிடுவன். பொண்ண எங்க மாமியா வூட்டுல வுட்டுட்டுப் போவணும். அங்க போனா அவ படிச்ச மாதிரிதான்."

"கவலப்படாதம்மா" என்றேன். சொல்லிக்கொண்டே 'காஸ்டிங் குறை' என்று எழுதி முடித்தேன்.

3. செல்வி கொண்டுவந்த சாக்கு

மறியல் ஊத்திக்கொண்ட மறுநாள் சங்கக் கூட்டம் நடந்தது. செயலாளர் விடவில்லை. அடுத்தது ரயில் மறியல், ஜங்ஷனே அதிரும் என்றார். செல்வி எழுந்தாள்.

"பஸ்ஸ மறிச்சதுக்கே அந்தம்மா நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டாங்க. ரயில மறிச்சா செருப்பு வரும். ஊரு நம்மளப் பத்தி என்னா நெனைக்கிது? இவங்களே ஒடச்சிட்டு இவங்களே கூலி கேக்குறாங்கன்னுதான? மொதல்ல ஒடச்சது யாருன்னு காட்டுவோம்."

"எப்பிடிக் காட்டுவ?" என்றார் செயலாளர்.

"நவராத்திரி வருதில்ல. கொலு வெப்போம். கம்பெனிக்குப் பின்னால குமிஞ்சி கெடக்குதே ஒடைசலு, அத வெச்சி. போராட்டத்துக்கு வாங்கன்னு கூப்புட்டா எவனும் வர மாட்டான். குங்குமம் குடுத்துக் கொலுவுக்குக் கூப்புட்டா வராம இருக்க மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார்கள். மூளியான பொம்மையைக் கொலுவில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். செல்வி அதையும் யோசித்து வைத்திருந்தாள். சாமி பொம்மை ஒன்றுகூடக் கிடையாது. உடைந்த சாமியைப் பார்த்தால் ஊருக்கு வரும் கோபம் எங்கள் மேல்தான் திரும்பும். கல்யாண செட், கிரிக்கெட் செட், யானை, போலீஸ்காரர், காய்கறிக்காரி போதும்.

அவள் அடுத்துச் சொன்னதற்குத்தான் பெரிய சண்டை நடந்தது. மேலே ஏழு படியில் சூளை உடைத்தது. கீழே இரண்டு படியில் நாங்களே உடைத்தது.

செயலாளர் குதித்தார். "நம்ம தப்ப நம்மளே படி கட்டி வெப்பாங்களா?"

"வெச்சாத்தான் மேல உள்ளத நம்புவாங்க" என்றாள் செல்வி.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தலையில் ஒரு சாக்கு மூட்டையோடு செல்வி என் வீட்டுக்குள் வந்தாள். கூடத்தில் கொட்டினாள். கைகால் இழந்த பொம்மைகள்.

"எது சூள, எது நாங்கன்னு பிரிச்சிக் குடுங்கண்ணே. ஒங்களுக்குத்தான் தெரியும்."

வேலை தெரிந்தவனுக்கு ஒரு பலவீனம் உண்டு. வேலையைக் கண்டால் கை சும்மா இருக்காது. பின்னால் வரப்போவதை யோசிக்காமல் பிரிக்க ஆரம்பித்தேன். பெருமையாக விளக்கமும் கொடுத்தேன். "இங்க பாரும்மா. சூளைக்கு முந்தியே விரிசல் இருந்திச்சின்னா கிளேஸ் உருகி உள்ளாறப் போயிரும். ஓரம் மழுங்கி இருக்கும், நகத்த வெச்சா வழுக்கும். ஆறும்போது விரிசல் வுட்டா கிளேஸும் சேந்து கிழியும். ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், நகம் மாட்டும். நகம் மாட்டினா சூள. வழுக்கினா ஆளு. அவ்வளவுதான்."

செல்வி தன் யானை ஒன்றை எடுத்து நகத்தை வைத்தாள். மாட்டியது. இன்னொன்று. மாட்டியது. ஏழெட்டு யானைகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்போ இத்தன வருசமா ஒங்களுக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு இட்லி இறங்கவில்லை.

"தெரியும்மா" என்றேன்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொம்மைகளை இரண்டு சாக்கில் பிரித்துப் போட்டுக் கட்டினாள். வாசலில் செருப்பைப் போடும்போது, "இத ஊருக்கு முன்னால சொல்லுவீங்களாண்ணே?" என்று கேட்டாள். சொல்கிறேன் என்று நான் சொல்லவில்லை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

4. மாப்பிள்ளைக்குத் தலை இல்லை

கடைவீதியில் ஒரு காலி ஷட்டர் கடையில் கொலு வைத்தார்கள். வாசலில் மாவிலை, கோலம், சீரியல் லைட். உள்ளே ஒன்பது படி. எடுத்தவுடன் தெரிவது கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளைக்குத் தலை இல்லை. பக்கத்தில் வைத்த காகிதச் சீட்டில் 'பெண் வீட்டார் ஆட்சேபணை செய்யவில்லை' என்று எழுதியிருந்தது. கிரிக்கெட் செட்டில் விக்கெட் கீப்பருக்குக் கை இல்லை. 'ஆனாலும் அணியில் நீடிக்கிறார்.' தொப்பி பறிபோன போலீஸ்காரருக்குக் கீழே 'விசாரணை நடைபெறுகிறது.' ஒவ்வொரு சீட்டிலும் அந்தக் கிண்டலுக்குக் கீழே, செய்தவர் பெயரும், அவருக்கு அந்தக் கூலி கிடைக்கவில்லை என்ற வரியும் இருந்தன. எழுதியது நான்தான். என் பெயர் போடாமல் எழுதிக் கொடுத்தேன். வீரம் அந்த அளவுக்குத்தான் இருந்தது.

முதல் நாளே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

"பர்மிஷன் இருக்குதா?"

"கொலுவுக்கா சார்?" என்று செல்வி கண்ணை அகல விரித்தாள். "ஒங்க வூட்டுலயும் வெச்சிருக்காங்களே, அதுக்கு யாருகிட்ட வாங்கினீங்கன்னு சொல்லுங்க, நாங்களும் வாங்கிர்றோம். மொதல்ல சுண்டல் எடுத்துக்குங்க."

அவர் சுண்டலை வாங்கிக்கொண்டு தொப்பி இல்லாத போலீஸ்காரரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாயங்காலம் அவர் வீட்டம்மா பக்கத்து வீட்டு அம்மாக்களோடு வந்தார்.

கூட்டத்தை இழுத்தது சுண்டல்தான், பொய் சொல்லக் கூடாது. நிறுத்திவைத்தது நகம். வாசலில் எங்கள் கோரிக்கைக்குக் கையெழுத்து வாங்க ஒரு நோட்டு, அதற்கு மேல் ஒரே ஒரு போர்டு: 'தொட்டுப் பாருங்கள். நகம் மாட்டினால் சூளை. வழுக்கினால் நாங்கள்.' எந்தக் கொலுவிலும் பொம்மையைத் தொட விட மாட்டார்கள். இங்கே தொடச் சொன்னதும் ஊருக்குக் கை அடங்கவில்லை. டீச்சர்கள், மளிகைக்கடைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், எல்லோரும் வரிசையில் நின்று நகத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். கீழ்ப்படி பொம்மைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஒங்க தப்புதாம்மா" என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். "ஆமாங்க, எங்க தப்புதான். அதுக்குக் கூலி கேக்கல" என்று எங்கள் பெண்கள் சொன்னதும் அவர்கள் குரல் மாறிவிடும். மேல்படிக்குத் திரும்பி எங்களுக்காகச் சண்டைக்கு நிற்பார்கள். மூன்றாம் நாள் கடைவீதியில் ஒரு டீக்கடைக்காரர், விரிசல் விட்ட கிளாஸை நகத்தால் சோதித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

நல்லூரிலிருந்து வந்த விவசாயிகள் நான்கு பேர் யானைகளுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார்கள். அதில் பெரியவர் சொன்னார்: "எங்க கததாம்மா இது. காஞ்ச நெல்லத்தான் மூட்ட கட்டிக் கொண்டாறோம். கொள்முதல் நெலையத்துல எடைக்குக் காத்துக்கிட்டு கெடக்கும்போது மழ வந்து நனைஞ்சா, அது எங்க தலையில. கொண்டாந்து எறக்குனப்பவே எண்ணிக்கன்னா கேப்பாங்களா? கையெழுத்து எங்க போடணும்? நோட்டக் குடு."

எங்கள் செயலாளர் மூன்று வருஷம் மைக்கில் கத்தியும் சேராத கையெழுத்து ஐந்து நாளில் மூன்று நோட்டு நிறைந்தது.

5. முதலாளியம்மா வந்தார்

ஆறாம் நாள் செல்வி ஒரு காரியம் செய்தாள். நேராக முதலாளி வீட்டுக்கே குங்குமத்தோடு போய்விட்டாள். நவராத்திரியில் குங்குமம் நீட்டி அழைத்தால் எந்த வீட்டில் மறுப்பார்கள்? சாயங்காலம் முதலாளியம்மா வந்து இறங்கினார். காரில் கூடவே வந்த முதலாளி உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். நான் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் சுண்டல் மடித்துக்கொண்டிருந்தேன். கடைக்குள் கால் வைக்க இடமில்லை.

அம்மா நிதானமாக ஒவ்வொரு படியாகப் பார்த்தார். தலையில்லாத மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். யானையை எடுத்து நகத்தை வைத்தார். சிரிப்பு நின்றது.

"இது நெசமாவா?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டார்.

முதலாளி இறங்கி வந்தார். கோபத்தைக் காட்டாமல் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். "நகத்த வெச்சி சூளையக் கண்டுபிடிக்கிறதெல்லாம் கத. எங்கிட்ட சீட்டு இருக்குது. எல்லாமே காஸ்டிங் குறைன்னு எழுதியிருக்குது. எழுதினது வேற யாரும் இல்ல, ஒங்க கோவிந்தராசுதான். தோ நிக்கிறாரு, கேளுங்க."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. நான்கைந்து செல்ஃபோன்களும் திரும்பின. முதலாளி என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலை பிழைக்கும். செல்வி என்னைப் பார்க்கவே இல்லை. அவள் கிண்ணத்தில் மஞ்சளைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் சொல்வேன் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை என்று தெரிந்தது. அதுதான் என்னைச் சுட்டது.

"எழுதினது நான்தாங்க" என்றேன். "ஒடச்சதும் நான்தாங்க."

மேலே சொல்ல வேண்டியிருந்தது. சூடு இறங்கும் முன்பே கதவைத் திறந்தேன், பொம்மை பிளக்கும் சத்தத்தைக் காதால் கேட்டேன், கேட்டும் அவர்கள் மேல் பழி எழுதினேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கையிலிருந்த சுண்டல் பொட்டலத்தைப் பிசைந்து நாசமாக்கிவிட்டேன்.

"ஏன் சீக்கிரம் தொறந்தீங்க?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"தொறக்கச் சொன்னாங்கம்மா."

"சொன்னவங்களுக்குச் சம்பளம் கொறைஞ்சிச்சா?"

"இல்லீங்க. எனக்கும் கொறையல."

அம்மா முதலாளியை ஒரு பார்வை பார்த்தார். சண்டை போடவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, "இந்த யானைய நான் எடுத்துட்டுப் போவட்டுமா செல்வி? எங்க வூட்டுக் கொலுவுல வெக்கணும்" என்றார்.

வைத்தார். முதல் படியில், நடுவில். மிச்ச நாட்களில் அந்த வீட்டுக்கு வந்த வியாபாரிகளும் பேங்க் ஆபீசர்களும் வீட்டம்மாக்களும் யானைக்குத் தும்பிக்கை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். "அவர கேளுங்க" என்று அம்மா முதலாளியைக் கை காட்டியிருக்கிறார். தினமும் சாயங்காலம் தும்பிக்கை சூளையில் போன கதையையே சொல்லிச் சொல்லி முதலாளிக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று டிரைவர் வந்து எங்களிடம் சொன்னார்.

6. மாற்றி எழுதியது

விஜயதசமி முடிந்த மறுவாரம் பேச்சுவார்த்தை நடந்தது. கையெழுத்து நோட்டுகளோடு வர்த்தகர் சங்கத்திலிருந்தும் நல்லூரிலிருந்தும் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். இனி சூளைக்கு முன்பே எண்ணிக்கை என்று முதலாளி ஒப்புக்கொண்டார். நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். உடைந்தால் நட்டம் கம்பெனிக்கு என்று ஆனதும், முதலாளியே வந்து சூளைக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். இருநூறுக்கு மேலே மீட்டர் இருக்கும்போது யாராவது அந்தப் பக்கம் போனாலே கத்துவார். மேனேஜருக்குத் திடீரென்று மீட்டர் மேல் அபார மரியாதை வந்துவிட்டது. அடுத்த சீசனில் 'டிங்' சத்தம் அபூர்வமாகத்தான் கேட்டது. என்னைப் பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். ஸ்டூலும் ஃபேனும் போச்சு. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

பழைய கூலியைத் தர முடியாது என்று மட்டும் முதலாளி பிடிவாதமாக நின்றார். வாதாடிப் பார்த்துக் கடைசியில் செயலாளர் விட்டுவிட்டார். அப்போது செல்வி கேட்டாள்.

"காசுதான் இல்லன்னுட்டீங்க. அந்தச் சீட்டயாவது மாத்தி எழுதிக் குடுங்க. நான் வேல கெட்டவன்னு கம்பெனியில எழுதி வெச்சிருக்குது. எம் பொண்ணுக்கு நாளைக்கி யாராச்சும் காட்டுனா நான் என்னா சொல்றது?"

அதற்கு முதலாளியால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. எழுதியவனே திருத்தட்டும் என்று சீட்டுக் கட்டுகளை என் முன்னால் வைத்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொரு சீட்டிலும் 'காஸ்டிங் குறை' என்பதை அடித்து, 'சூளைக் குறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்கு இருந்த வெட்கத்தில், விட்டால் உலகத்தில் உடைந்த எல்லாவற்றையும் என் பேரில் எழுதியிருப்பேன். வேகமாக அடித்துக்கொண்டே போனேன்.

செல்வியின் சீட்டுகளில் ஒன்றைத் திருத்தப் போகும்போது அவள் என் பேனாவைப் பிடித்துவிட்டாள்.

"இத வுட்டுடுங்கண்ணே. இது நெசமாவே எந்தப்புதான். அன்னிக்கி பொண்ணுக்குக் காய்ச்சல். வூட்டுக்குப் போற அவசரத்துல மோல்டுல மண்ணு கெட்டியாவறதுக்கு முன்னாலயே பொம்மைய எடுத்துட்டன்."

"இருக்கட்டும்மா, யாருக்குத் தெரியப்போவுது? மாத்திடுறன்."

"எனக்குத் தெரியுமில்ல" என்றாள்.

இளைய பிள்ளைகள் போராட்டத்துக்கு ஊரை எப்படிச் சேர்ப்பது என்று என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். கொலு வை, சுண்டல் கொடு, சிரிக்கவை என்று சொல்லி அனுப்புகிறேன். அதெல்லாம் ஜனங்களைக் கடைக்குள் கொண்டுவந்தது, அவ்வளவுதான். அவர்கள் எங்கள் பக்கம் நின்றது வேறு காரணத்தால். தனக்குக் கெட்ட பேர் என்று தெரிந்தும் தன் சீட்டைத் திருத்த விடாத அதே செல்விதான், எங்கள் தப்பையும் கீழ்ப்படியில் வைக்கச் சொன்னவள். அந்த ஒரு சீட்டு மட்டும் இன்றும் கம்பெனியில் 'காஸ்டிங் குறை' என்றே இருக்கிறது. நான் அந்தக் கம்பெனியில் எழுதியதிலேயே, அடித்துத் திருத்தாமல் உண்மையாக நிற்கும் சீட்டு அது ஒன்றாகத்தான் இருக்கும்.